அம்புகள் துளைத்த படமும் அதில் இடம்பெறாத அம்மையாரும்



நமது இல்லங்களின் செபமேடைக்கு மேலே, திரு இருதயப் படத்திற்கும் அன்னை மரியாளின் படத்திற்கும் அருகில், புனித செபஸ்தியாரின் படத்தைக் கண்டிராதவர் மட்டக்களப்பு வாவிக் கரையில் அரிதாகவே இருப்பர். மரத்தில் கட்டுண்ட இளைஞர், உடலெங்கும் அம்புகள், வானோக்கிய விழிகள். அம்மை, காய்ச்சல் என இல்லத்தில் அச்சம் நுழைந்தபோதெல்லாம் நம் பாட்டிமார் மெழுகுதிரி ஏற்றி நின்றது இப்படத்தின் முன்னேதான்.

இன்று அச்சு இயந்திரம் நொடிப்பொழுதில் வண்ணப் படங்களைத் தந்துவிடுகிறது. இவற்றின் முன்னோடிகளோ செப்புத்தகட்டுச் சித்திரங்கள். 15ஆம் நூற்றாண்டிலேயே மார்ட்டின் ஷோன்கவர் என்னும் ஜெர்மானியக் கலைஞர் செபஸ்தியாரைத் தகட்டில் செதுக்கியுள்ளார். கூரிய உருக்கு உளியால் தகட்டில் கோடுகளை வெட்டி, அவற்றில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்துவர். தாளில் பதிவது கறுப்புக் கோடுகள் மட்டுமே. வண்ணம் வேண்டுமெனில் ஒவ்வொரு தாளிலும் தூரிகை கொண்டு கையாலேயே தீட்ட வேண்டும். ஆகவே ஒரே தகட்டில் பிறந்த படங்களாயினும், குருதியின் சிவப்பு ஒவ்வொன்றிலும் வேறுபட்டிருக்கும். 17ஆம் நூற்றாண்டில் அன்ட்வெர்ப் நகரில் இத்தகைய பக்திச் சித்திரங்கள் பெருமளவில் அச்சாகி, மறைபரப்பாளரின் கைகளில் கடல் கடந்து சென்றன.

செபஸ்தியார் அம்புகளால் இறந்தார் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். திருச்சபையின் மரபு வேறு விதமாகக் கூறுகிறது. உரோமைப் படையில் உயர் பொறுப்பு வகித்த அவர், சிறையிலிருந்த கிறிஸ்தவர்களைத் திடப்படுத்தியதற்காகத் தியோக்கிளேசியன் பேரரசனின் ஆணையால் அம்பெய்யப்பட்டார். இறந்துவிட்டார் என்று கருதி வீரர்கள் அகன்றனர். இரவில் அவரை அடக்கம் செய்ய வந்தார் ஐரீன் என்னும் கைம்பெண். அவருடைய கணவரும் விசுவாசத்திற்காகக் கொல்லப்பட்டவரே. உடலில் உயிர் இருப்பதைக் கண்ட அவ்வம்மையார், அவரைத் தம் இல்லத்திற்கு எடுத்துச் சென்று, காயங்களைக் கழுவி, மருந்திட்டு நலம்பெறச் செய்தார்.

நலமடைந்த செபஸ்தியார் உரோமையை விட்டுத் தப்பியோடவில்லை; வாளேந்திப் பழிவாங்கவும் முற்படவில்லை. பேரரசனின் முன் சென்று, குற்றமற்றவர்களைத் துன்புறுத்துவது அநீதி என்று எடுத்துரைத்தார். அதன் பின்னரே தடிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். இது ஏறத்தாழ கி.பி. 288இல் நிகழ்ந்ததாகக் கருதப்படுகிறது. 354ஆம் ஆண்டின் உரோமைப் பட்டியலிலேயே சனவரி 20ஆம் நாள் அவரது நினைவு நாளாகக் குறிக்கப்பட்டுள்ளது. மறைசாட்சி என்பதற்குரிய கிரேக்கச் சொல்லின் பொருள் 'சாட்சி' என்பதே. எவ்வாறு இறந்தார் என்பதை விட, எதற்குச் சாட்சி பகர்ந்தார் என்பதே அச்சொல்லின் உட்பொருள்.

இச்சாட்சியம் நமக்கு அந்நியமானதன்று. 1988 சூன் 6ஆம் நாள், மட்டக்களப்பு பிரஜைகள் குழுவின் தலைவராக மக்களுக்காகக் குரல் எழுப்பிய அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ, புளியந்தீவு புனித மரியாள் ஆலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவிலிருந்து வந்து நம் பிள்ளைகளுக்குக் கல்வியும் கூடைப்பந்தாட்டமும் கற்பித்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள், அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற் போனார். உடன் பயணித்த தமிழ் இளைஞரும் திரும்பவில்லை. ஆபத்தை அறிந்திருந்தும் மக்களை விட்டு அகலாதவர்கள் இவர்கள். சாட்சியத்தின் கோடுகள் உரோமையில் செதுக்கப்பட்டவை. அவற்றில் நிறம் தீட்டப்பட்டது நம் வாவிக் கரையில்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் தாக்கப்பட்ட ஆலயம் புனித செபஸ்தியாருடையது. அதே காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைச் சிறுவர்கள் உயிரிழந்தனர். பிறரைக் கொன்று தானும் மடிபவன் தன்னைத் தியாகி என்று அழைத்துக்கொள்ளலாம். திருச்சபை அறிந்த மறைசாட்சி ஒருவரையும் கொன்றதில்லை. அன்று நாடெங்கும் இனமும் மதமும் பாராது குருதி வழங்க வரிசையில் நின்றார்களே, அவர்களிடம் ஐரீன் அம்மையாரின் கரங்களைக் கண்டோம். பின் வந்த நாட்களில், குற்றமிழைக்காத அயலவரையும் ஐயத்தோடும் வெறுப்போடும் நோக்கிய பார்வைகளையும் கண்டோம். அம்பு எய்ய வில் தேவையில்லை. சந்தையிலும் பேருந்திலும் வீசப்படும் ஒரு சொல் போதும்.

ஐரீன் என்ற கிரேக்கப் பெயருக்கு 'அமைதி' என்று பொருள். நம் இல்லத்துப் படத்தில் பெரும்பாலும் அவருக்கு இடமில்லை. சித்திரம் அம்புகளோடு நின்றுவிடுகிறது. இன்றிரவு குடும்பமாகச் செபமாலை சொல்லும்போது, அந்தப் படத்தின் முன் பிள்ளைகளுக்கு அவரது கதையையும் கூறுங்கள். போரிலும் உயிர்ப்பு ஞாயிறுத் தாக்குதலிலும் உறவுகளை இழந்து, இன்னும் ஆறாத காயத்தோடு நம் ஒழுங்கையிலேயே வாழும் ஒருவரை நினைவுகூருங்கள். அவர் எந்த மதத்தவராயினும், இவ்வாரம் அவருடைய வாசலுக்குச் செல்லுங்கள்.

புனித செபஸ்தியாரே, காயமுற்றும் வெறுப்பின்றி உண்மை பேசும் துணிவை எங்களுக்குப் பெற்றுத் தாரும். ஆமென்.