பிள்ளை எப்போது நடக்கும்?



வார்டில் ஜெபித்துவிட்டுத் திரும்பும்போது தாய்மார் எங்களை நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பக்கத்து வீட்டுப் புள்ள நடக்குது. எம்புள்ளைக்கு வருஷம் நெறையப் போவுது, இன்னும் புடிச்சுக்கிட்டுதான் நிக்குது." வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி இறங்கி வந்தவளும் கேட்கிறாள், கள்ளக்குறிச்சி டவுனில் இருப்பவளும் கேட்கிறாள். நாங்கள் மருத்துவரல்ல. ஆனாலும் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததை எழுதுகிறோம். உங்கள் வீட்டிலும் பேரப்பிள்ளைகள் இருப்பார்களே.

நம் முன்னோர் இதைக் கவனித்தே வைத்திருந்தார்கள். பிள்ளைத்தமிழில் செங்கீரை 5ஆம் மாதம், சப்பாணி கொட்டுவது 9ஆம் மாதம், தளர்நடையிட்டு வருவது ஓராண்டையொட்டி என்று வகுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட அளவோ இன்னும் தாராளமானது. தனியாக நடப்பது 8 மாதத்திலும் வரலாம், 17 மாதம் கழிந்தும் வரலாம். 100க்கு 4 பிள்ளைகள் கைகாலூன்றித் தவழாமலேயே நடந்துவிட்டனவாம்! குறைமாதப் பிள்ளைக்குக் கணக்கு வேறு. 2 மாதம் முந்திப் பிறந்திருந்தால், பன்னிரண்டு மாதத்தில் அதைப் பத்து மாதப் பிள்ளையாகவே எண்ண வேண்டும்.

ஆகவே காலை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம். காதையும் கையையும் பாருங்கள்.

செவிப்புலன் இல்லாத குழந்தையும் முதல் மாதங்களில் "ஆ, ஊ" என்று சத்தமிடும். அதனால்தான் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். மற்றப் பிள்ளைகள் "மாமா, தாத்தா" என்று அடுக்கத் தொடங்கும் 9, 10 மாதத்தில் இதன் சத்தம் குறையும். முகத்தைக் கண்டால் சிரிக்கும். பின்னாலிருந்து பெயர் சொன்னால் திரும்பாது. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்ல, மூன்று வருஷம் ஓடிவிடும். மொழி பதியும் காலம் அதுதான். 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் காப்பீட்டில் காக்ளியர் கருவி பொருத்தலாம். ஆனால் எவ்வளவு முந்தி வருகிறார்களோ அவ்வளவு பேச்சு வரும்.

ஓராண்டிலும் கைகாட்டாமல், டாட்டா காட்டாமல் இருந்தால் காட்டிவிடுங்கள். எப்போதும் ஒரு கையையே நீட்டி, மறுகையை மடக்கியே வைத்திருந்தாலும் அப்படியே. வந்த திறமை ஒன்று மறைந்துபோனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வந்து பார்க்கும் அரசின் சிறார் நலக் குழுவினர் 2013 முதல் இலவசமாகவே பரிசோதிக்கிறார்கள். கஷ்டம் அதற்குப் பிறகுதான். பயிற்சிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும். மூன்றாம் தடவையில் நின்றுவிடுகிறார்கள். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இந்தப் பஸ் சார்ஜுக்கே போகிறது.

மேலே சொன்ன தாயின் பிள்ளையோ, நாங்கள் பெயர் சொன்னதும் திரும்பிப் பார்த்து, பெஞ்சில் கிடந்த ஒற்றைப் பொரியைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. மருத்துவர் பார்த்துச் சிரித்து அனுப்பிவிட்டார்.

ஒரு விண்ணப்பம். கிறிஸ்மஸ் அன்பளிப்பாகப் பிள்ளையை உள்ளே உட்காரவைக்கும் சக்கர வாக்கர் அனுப்ப வேண்டாம். அது நடையைப் பழக்காது, படியில் உருட்டிவிடும். கனடாவில் 2004இலேயே தடை செய்துவிட்டார்கள். பின்னால் நின்று தள்ளும் பழைய மர நடைவண்டியானால் சந்தோஷமாய்ப் பெற்றுக்கொள்வோம்.