நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஓர் விசித்திரமான அறை இருந்தது. மங்கலான விளக்கு, உயரமான முக்காலிகள், வரிசையாகப் புட்டிகள் - பார்த்தால் அசல் மதுக்கடை! "சரஸ்வதி குடியிருக்க வேண்டிய இடத்தில் இதென்ன கூத்து?" என்று மூக்கின்மேல் விரலை வைக்காதீர்கள். அது மனோதத்துவ ஆராய்ச்சிச் சாலை. ஆலன் மார்லாட் என்ற பேராசிரியரும், பட்டம் பெற்றபின் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வந்த மாணவ மாணவிகளும் அதை நடத்தி வந்தார்கள்.

குடி மனிதனை ஆட்டி வைக்கிறது என்கிறோமே, அதில் மதுவின் வேலை எவ்வளவு, மனத்தின் வேலை எவ்வளவு? இதுதான் அவர்களுடைய கேள்வி.

இதற்கு அடிகோலிய பரிசோதனை ஒன்றை மார்லாட், டெமிங், ரீட் ஆகிய மூவரும் 1973-ல் வெளியிட்டார்கள். "குடிகாரனுடைய உடம்பில் ஒரு சொட்டு இறங்கினால் போதும்; அப்புறம் அவனால் நிறுத்தவே முடியாது" என்பது அந்நாளில் பலருடைய திடமான நம்பிக்கை. அதைத்தான் அவர்கள் சோதித்தார்கள். மொடாக்குடியர்கள் 32 பேர். அளவாகக் குடிப்பவர்கள் 32 பேர். "இந்தப் பானங்களின் ருசியை ஒப்பிட்டுச் சொல்லுங்கள், வேண்டிய மட்டும் குடிக்கலாம்" என்று அவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் கவனித்ததோ ருசியை அல்ல, ஒவ்வொருவரும் எவ்வளவு குடித்தார் என்பதை!

இங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது. ஓட்கா என்ற மதுவைக் கசப்புச் சோடாவில் கலந்தால் நாக்குக்கு வித்தியாசம் தெரிவது கடினம். ஆகவே, சிலருக்கு மதுவைக் கொடுத்து "வெறும் சோடா" என்றார்கள். சிலருக்கு வெறும் சோடாவைக் கொடுத்து "மது" என்றார்கள். மற்றவர்களுக்கு உள்ளது உள்ளபடியே சொன்னார்கள்.

முடிவு என்ன தெரியுமா? 'மது' என்று நம்பிய குடியர்கள், 'சோடா' என்று நம்பியவர்களைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு குடித்துத் தீர்த்தார்கள். உண்மையில் கோப்பையில் என்ன இருந்தது என்பது அதிக வித்தியாசம் செய்யவில்லை. அந்த வேளையில் மேலும் மேலும் குடிக்கத் தூண்டியது உள்ளே போன சரக்கு அல்ல. உள்ளே இருந்த நம்பிக்கை!

இதனால் நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன பிரயோஜனம்? நிறைய இருக்கிறது.

குடியை விட்டு மூன்று மாதம் ஒழுங்காக இருந்த மனிதர் ஒரு நாள் சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு கிளாஸ் குடித்துவிடுகிறார் என்று வையுங்கள். உடனே அவர் மனம் என்ன சொல்கிறது? "போச்சு! நான் எதற்கும் லாயக்கில்லாதவன். நனைந்த பிறகு முக்காடு எதற்கு?" இந்த ஒரு நினைப்புத்தான் இரண்டாவது கிளாஸையும், முழுப் புட்டியையும் கொண்டு வருகிறது. மார்லாட்டும் ஜூடித் கார்டன் என்ற அம்மையாரும் 1985-ல் வெளியிட்ட நூலின் மையக் கருத்துக்களில் இது ஒன்று. சறுக்குவது வேறு, விழுந்தே கிடப்பது வேறு என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்.

எப்போது சறுக்குகிறது என்றும் ஆராய்ந்தார்கள். மன வேதனை, பிறரோடு சச்சரவு, கூட்டாளிகளின் வற்புறுத்தல் - ஏறக்குறைய முக்கால் பங்கு சறுக்கல்கள் இந்த மூன்றில் அடங்கிவிட்டன. ஆகவே, சம்பள நாளா, கல்யாண வீடா, மேலதிகாரி சீறிய மாலையா, எங்கே வழுக்கும் என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது புத்திசாலித்தனம்.

இதைப் படித்துவிட்டு, "நான் பேசிய ஒரு வார்த்தையால்தானே அவர் குடித்தார்!" என்று எந்தச் சகோதரியும் கண் கலங்க வேண்டாம். கோப்பையை எடுத்த கை அவருடையது, பொறுப்பும் அவருடையதே. அடி உதை என்று வந்துவிட்டாலோ, உங்களையும் குழந்தைகளையும் காப்பாற்றிக் கொள்வதுதான் முதல் வேலை.

இன்னொரு எச்சரிக்கை. "எல்லாம் மனப்பிரமைதானே, கொஞ்சம் குடிக்கட்டுமே" என்று அர்த்தம் பண்ணிக் கொள்ளக் கூடாது. மது உடம்பைக் கெடுப்பது பிரமை அல்ல. நெடுநாள் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். டாக்டரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

மார்லாட் 2011-ல் காலமானார். ஆனால் சறுக்கியவரைத் தூக்கி நிறுத்தும் அவருடைய முறை உலகெங்கும் சிகிச்சை நிலையங்களில் வழங்கி வருகிறது. ஒரு நாள் சறுக்கியவரிடம் மறுநாள் காலையில், "உங்கள் மூன்று மாதம் எங்கும் போய்விடவில்லை, இன்றைக்கே டாக்டரிடம் போவோம்" என்று சொல்ல முடிந்தால், அது பெரிய மருந்து.

நனைந்தவருக்கு முக்காடு வேண்டாம். தலையைத் துவட்டிக் கொள்ள ஒரு துண்டு வேண்டும்!