கூரைக்கு ஒரு வெண்பூச்சு

1995 யூலை நடுப்பகுதியில் அமெரிக்காவின் சிக்காகோ நகரைத் தாக்கிய வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் பலர் முதியோர், வறியோர், தனித்து வாழ்ந்தோர். தொடர்மாடிகளின் உச்சித் தளத்தில் குடியிருந்தோருக்கே ஆபத்து மிகுந்திருந்தது எனப் பின்னர் நடந்த ஆய்வு காட்டிற்று.

புலம்பெயர்ந்து வந்து, வாடகை குறைவென்று மேல்மாடி அறைகளில் ஒண்டியிருந்த நமக்கு இதன் காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. கோடை வெயிலில் கறுப்புத் தார்க்கூரை 65 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும். பகலில் உறிஞ்சிய வெப்பத்தை அது இரவிலும் அறைக்குள் இறக்கும். வெண்கூரையோ வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புக் கூரையைவிட ஏறத்தாழ 28 பாகை வரை தணிந்திருக்கும்.

நியூயோர்க் மாநகரம் 2009 இல் இவ்வெளிய வழியைக் கைக்கொண்டது. தொண்டர்கள் கூரையேறினர், கூட்டித் துப்புரவாக்கினர், வெண்பூச்சைப் பூசினர். பின்னாளில் வேலையற்றோருக்கு ஊதியத்துடன் கூடிய தொழிற்பயிற்சியாகவும் அப்பணி வளர்ந்தது. இதுவரை ஒரு கோடி சதுர அடிக்கும் மேற்பட்ட கூரைகள் வெண்மையாகியுள்ளன.

குறைகளும் உண்டு. தூசி படியப் படியப் பூச்சின் பயன் குன்றும். குளிர்காலத்தில் சூடாக்கும் செலவு சற்றுக் கூடலாம். அனைத்திற்கும் மேலாக, கட்டட உரிமையாளர் இசையாமல் வாடகைக் குடியிருப்பாளர் கூரையில் கைவைக்க இயலாது. ஆயினும் தனித்தனியே முறையிடுவதைவிட ஒரு கட்டடத்தார் அனைவரும் ஒருங்கே கேட்டால் அக்குரலுக்கு வலு உண்டு.

அதுவரை, மேல்மாடியில் தனித்திருக்கும் முதியவரின் கதவைத் தட்டி நலம் விசாரிக்க நமக்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை.