வயல் செடிக்குத் தண்ணீருக்குள் மூச்சு

செடிகளுக்காகவே அமைக்கும் மீன்தொட்டியில் கரியமில வாயுவைக் குமிழிகளாகச் செலுத்துவது இன்று பரவலான முறை. ஜப்பானின் நீகாதாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) அமைத்த தொட்டிகளால் இது உலகெங்கும் பெயர்பெற்றது. ஆனால் அத்தொட்டிகளில் வளரும் செடிகளின் உறவுச் செடிகள் பலவற்றைத் தஞ்சை வட்டாரத்து விவசாயி களை என்று பிடுங்கி வரப்பில் எறிகிறார். கடையில் லுட்விஜியா என்று விற்பதன் இனத்தைச் சேர்ந்ததுதான் வயலில் முளைக்கும் நீர்க்கிராம்பு. பக்கோபா இனத்தில் ஒன்று வாய்க்கால் கரையில் படரும் நீர்ப்பிரம்மி. ரோட்டாலாவும் நெல் வயலில் முளைப்பதுதான். நாலிலை விரிக்கும் ஆரைக்கீரையின் இனமும் தொட்டிக்கு வந்துவிட்டது.

வயலில் இவை முழுகி வாழ்வதில்லை. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணை தாண்டிக் கடைமடை வரை தண்ணீர் பாய்ந்தாலும், வயலில் நிற்பது கணுக்கால் அளவு நீர்தான். வேர் சேற்றில், தலை காற்றில் என்று செடி இருந்துவிடும். கண்ணாடித் தொட்டியிலோ இலை முழுவதும் நீருக்கடியில். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

செடியின் உலர் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் கார்பன். அதைக் கரியமில வாயுவிலிருந்துதான் பெரும்பாலான செடிகள் எடுக்கின்றன. காற்றில் பரவுவதைவிட நீரில் அந்த வாயு ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையை ஒட்டியுள்ள அசையாத நீர்ப்படலத்தில் இருந்ததைச் செடி உறிஞ்சிவிட்டால், மறுபடி வந்து சேர நேரமாகும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் அரை மில்லிகிராம் வாயுதான் கரைந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் மூழ்கி அழுகுவதற்கும் ஒரு காரணம் இதுதான். ஆக்சிஜனும் கரியமில வாயுவும் இலைக்கு எட்டுவதில்லை. சி.ஆர்.1009 சப்-1 போன்ற நெல் ரகங்கள் மூழ்கியிருக்கும் நாட்களில் வளர்ச்சியை நிறுத்திச் சர்க்கரையைச் சேமித்துத் தாக்குப்பிடிக்கின்றன.

எல்லா நீர்ச்செடிக்கும் இந்தத் தட்டுப்பாடு இல்லை. குளங்களில் மண்டும் வேலம்பாசி, நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் வாயு குறைந்தால் ஒளிச்சேர்க்கை முறையையே மாற்றிக்கொள்ளும் திறமும் அதற்கு உண்டு. 1950-களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியே அமெரிக்காவின் ஃபுளோரிடா சென்று, அங்கே அடங்காக் களையாகப் பெருகியதும் இதே செடிதான். நாடா போல நீளும் வாலிஸ்னேரியாவுக்கும் பைகார்பனேட் போதும். இந்த இரண்டை மட்டும் வளர்ப்பவருக்கு வாயு சிலிண்டர் வீண்செலவு. மிதமான விளக்கு மட்டும் உள்ள தொட்டிக்கும் அது பெரும்பாலும் தேவைப்படாது. சிவந்த ரோட்டாலாவும் தரையில் படரும் புல்வகையும் பலமான விளக்கும் சேரும்போதுதான் வாயு இன்றியமையாதது. விளக்கு பலமாகவும் வாயு குறைவாகவும் இருந்தால் செடி தளரும், பாசி முந்திக்கொள்ளும்.

கருவி எளியது. சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தத்தை ரெகுலேட்டர் குறைக்கும். நுண்வால்வு குமிழிகளை எண்ணும் அளவுக்கு அடக்கும். தொட்டிக்குள் இருக்கும் டிஃப்யூசர் அவற்றைப் பொடிக்குமிழிகளாக்கும். மின்வால்வு ஒன்றை டைமருடன் இணைத்தால், விளக்கு எரிவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு வாயு திறந்து, விளக்கு அணையும் முன்பே நின்றுவிடும். இருளில் ஒளிச்சேர்க்கை இல்லை. செடியும் மீனைப்போலவே கரியமில வாயுவை வெளிவிடும்.

சர்க்கரை, ஈஸ்ட், பாட்டில் கொண்டு செய்யும் மலிவான முறையும் உண்டு. ஒரு கிலோ சர்க்கரை முழுதும் நொதித்தால் ஏறக்குறைய அரைக்கிலோ வாயு கிடைக்கும். ஆனால் காவிரி டெல்டாவின் வெப்பத்தில் ஈஸ்ட் அவசரமாக வேலை செய்து சீக்கிரமே ஓய்ந்துவிடும். இரவில் நிறுத்தவும் வழியில்லை. சிறு தொட்டிக்குத்தான் இது பொருந்தும்.

எவ்வளவு வாயு என்பது குமிழிகளின் எண்ணிக்கையால் தெரியாது. லிட்டருக்கு 15 முதல் 30 மில்லிகிராம் என்பது பலரும் பின்பற்றும் இலக்கு. அதை நீரின் பி.எச். அளவையும் கார்பனேட் கடினத்தன்மையையும் சேர்த்துத்தான் கணிக்க வேண்டும். கடினத்தன்மை 4 டிகிரி என்றால், பி.எச். 6.6-இல் அளவு 30 மில்லிகிராம். கடினத்தன்மை 10 டிகிரி என்றால், அதே 30 மில்லிகிராம் பி.எச். 7.0-இலேயே வந்துவிடும். போர்வெல் நீர் உவர்ப்பாகவோ கடினமாகவோ இருக்கும் ஊர்களில் வேறொருவரின் பி.எச். அளவை அப்படியே பின்பற்றினால் மீன் செத்துவிடலாம். தொட்டியில் மரத்துண்டு இருந்து அதன் சாயம் இறங்கினால் இந்தக் கணக்கும் பிசகும். எனவே பலர் நிறம் மாறும் சிறு கண்ணாடிக் குமிழைத் தொங்கவிடுகிறார்கள். அதில் 4 டிகிரி கடினத்தன்மையுள்ள கரைசலும் ஒரு நிறங்காட்டியும் இருக்கும்: நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மிகை. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரமாகும் என்பதால், அதைப் பார்த்து வால்வை அடிக்கடி திருகுவது தவறு.

வாயு மிகுந்தால் அது ஆக்சிஜனைத் தள்ளிவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். இரண்டும் ஒரே நீரில் தனித்தனியே கரைந்திருக்கும். வெளிநீரில் கரியமில வாயு மிகும்போது, மீன் தன் இரத்தத்திலுள்ள வாயுவைச் செவுள் வழியே வெளியேற்ற முடியாமல் தவிக்கிறது, ஆபத்து அதுதான். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராமாக இருக்கும் ஆக்சிஜன் 30 டிகிரியில் 7.5 ஆகக் குறைவதால், தஞ்சைக் கோடையில் மீனுக்கு இருமடங்குச் சோதனை. மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறும் மீனைக் கண்டவுடன் வாயுவை நிறுத்தி, காற்றுப் பம்பைப் போட்டு, நீரில் ஒரு பங்கை மாற்ற வேண்டும்.

சிலிண்டருக்கும் வெயில் ஆகாது. 25 டிகிரியில் உள்ளே ஏறக்குறைய 64 பார் அழுத்தம். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்து, நிரம்பிய உருளையில் அழுத்தம் மளமளவென ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் அதை மாடி அறையிலோ காரிலோ வைக்காமல், கீழ்த்தளத்தில் காற்றோட்டமான நிழலில் நிமிர்த்திச் சுவரோடு கட்டி வைக்க வேண்டும். கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது. தாழ்வான மூடிய அறையில் தங்கிவிடும்.