கட்டிப்பிடித்தால் சண்டை முடிந்துவிடுமா? 'கிளிஞ்ச்' பழகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாக்ஸிங் பார்த்திருப்பீங்க. களைத்துப்போன இருவர் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நடுவர் 'பிரேக்' சொல்லிப் பிரித்துவிடுவார். தாய்லாந்தின் முவாய் தாய் மேடையில் அப்படியில்லை. பிடியில் இருவரும் ஏதாவது செய்துகொண்டிருக்கும்வரை நடுவர் விட்டுவிடுவார். முழங்காலுக்கும் முழங்கைக்கும் அங்கேதான் வேலை.

நின்றபடியே நெருங்கிப் பிடித்துப் போடும் இந்தச் சண்டைதான் கிளிஞ்ச். நாம 'மல்லுக்கட்டுறது'ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அது. ஆபீஸ் முடிந்து முவாய் தாய் அல்லது எம்எம்ஏ வகுப்புக்குப் போகிறீர்கள் என்றால், என்றாவது ஒருநாள் இதைப் பழக வேண்டிவரும். குத்து, உதையை பையில் அடித்தே பழகலாம். கிளிஞ்ச் பழக இன்னொரு மனிதரின் கழுத்து வேண்டும். அவருக்கும் உங்கள் கழுத்து வேண்டும். அதனால்தான் இதற்குத் தனியாக ஒரு விளக்கம்.

இது என்ன செய்யும் என்பதற்கு 2006 அக்டோபரில் லாஸ் வேகஸில் நடந்த யுஎஃப்சி 64 போட்டியைப் பாருங்கள். சாம்பியன் ரிச் ஃபிராங்க்ளினின் தலையை ஆண்டர்சன் சில்வா இரு கைகளாலும் பூட்டினார். பிறகு வரிசையாக முழங்கால் அடி. மூக்கு உடைந்தது; முதல் சுற்றிலேயே 2 நிமிடம் 59 நொடியில் ஆட்டம் முடிந்தது. ஃபிராங்க்ளின் பலவீனமானவர் இல்லை. அந்தப் பூட்டிலிருந்து வெளியே வரத்தான் வழி கிடைக்கவில்லை.

பலமா, கணக்கா?

முதல் வகுப்பில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன்: பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். இரண்டே நிமிடத்தில் முன்னங்கை மரத்துப்போனது. என்னைவிடப் பத்து கிலோவாவது குறைவாக இருந்த பெண், பேசிக்கொண்டே என்னைச் சுற்றிவிட்டார்.

கதவை கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், பிறகு கைப்பிடி பக்கம் தள்ளுங்கள். அதே விஷயம்தான் இங்கேயும். கழுத்தின் அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் பிடித்து இழுப்பதைவிட, 20 செ.மீ. உயரத்தில் பிடித்தால் அதே பலத்துக்கு இரண்டு மடங்கு திருப்புவிசை கிடைக்கும். அதனால் பிடரியைப் பிடிக்காமல், தலையின் பின்பக்க மேட்டைப் பிடிக்கச் சொல்வார்கள். ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்று. விரல்களைக் கோக்கக் கூடாது, மாட்டிக்கொண்டால் முறியும். முழங்கைகள் இரண்டும் எதிராளியின் காறை எலும்போடு ஒட்டி, கீழே பார்த்தபடி இருக்கணும். அகன்றால் நடுவில் அவர் கை நுழைந்துவிடும்.

பிடிபட்டவர் நீங்கள் என்றால்? குனியாதீங்க. இயல்பாகப் பின்னால் நகர்ந்து தலையை உருவத்தான் தோன்றும். அப்போதுதான் முதுகு வளைந்து முகம் முழங்காலுக்கு நேராக வரும். அதற்குப் பதில் இடுப்பை அவர் இடுப்போடு ஒட்டி, முதுகை நிமிர்த்தி, மேலே பாருங்கள். நெருக்கத்தில் முழங்கால் வீச இடமே இருக்காது.

அடுத்தது உள்கை. எதிராளியின் இரு கைகளுக்கும் நடுவே யார் கை இருக்கிறதோ, பெரும்பாலும் அவர் பக்கம்தான் பிடி. நீச்சலடிப்பதுபோல் ஒவ்வொரு கையாக உள்ளே நுழைப்பதும், அவர் திரும்ப நுழைப்பதும்தான் 'பம்மலிங்' பயிற்சி. பார்க்க சலிப்பாக இருக்கும். ஆனால் தொடக்க மாதங்களில் நேரத்தைப் போட வேண்டிய இடம் இதுதான். உள்கை கிடைத்ததும் நேராக இழுக்காமல், ஒரு கால் பின்வைத்துச் சுழலுங்கள். அவர் அடியெடுத்து வைக்கும் நொடியில் சுழன்றால் பாதி வேலையை அவர் எடையே செய்துவிடும்.

விளையாட்டுக்கு விளையாட்டு விதி மாறும். கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் அடி கிடையாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கவும் கூடாது. எம்எம்ஏவில் தரையில் வீழ்த்தலாம் என்பதால், இடுப்பை ஒட்டி நிற்பதே ஆபத்தாகவும் முடியும்.

கழுத்தை மறக்காதீங்க

மேலே சொன்ன நெம்புகோல் கணக்கு உங்கள் கழுத்தெலும்புக்கும் பொருந்தும். நாள் முழுக்க லேப்டாப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, உடலைச் சூடேற்றாமல் நேராக இதில் இறங்காதீர்கள். ஏற்கெனவே கழுத்து டிஸ்க் பிரச்சினை இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். பயிற்சியின்போது கையில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்றாலோ, விரல்கள் மரத்தாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள், மருத்துவரைப் பாருங்கள். 'சமாளிச்சுக்கலாம்' வேண்டாம். ஜோடியின் தலையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். அவர் உங்களை இருமுறை தட்டினால் உடனே விடணும். பயிற்சியில் முழங்காலால் குத்தக் கூடாது. உள்தொடையால் தட்டினால் போதும்.

நகம் வெட்டியிருக்கணும். வியர்வையோடு தோலும் தோலும் உரசுவதால் படர்தாமரை எளிதில் பரவும். முடிந்ததும் குளியல், தோலில் வட்டத் தடிப்பு தெரிந்தால் குணமாகும்வரை லீவு.

தெருவில் யாராவது கையைப் பிடித்தால் இது உதவுமா? பிடியை உடைத்து விலகும் அளவுக்கு உதவும். அங்கே நின்று மல்லுக்கட்ட வேண்டாம். அவரிடம் கத்தி இருந்தால் அந்த நெருக்கம்தான் மிக மோசமான இடம். கை விடுபட்டதும் ஓடுங்கள்.

சேரும் முன் ஜிம்மில் இரண்டு கேள்வி கேளுங்கள். புதிதாக வருபவரை எத்தனை வாரம் கழித்து கிளிஞ்ச் ஸ்பாரிங்கில் விடுவீர்கள்? யாருடன் ஜோடி சேர்ப்பீர்கள்? நெருக்கமான தொடுதல் சங்கடமாக இருந்தால், ஜோடியை நீங்களே தேர்ந்தெடுக்கலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெண்கள் மட்டுமில்லை, யாரும் கேட்கலாம்.