குலதெய்வம் தேடி ஒரு வேன் பயணம்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலரை மணிக்கு, நாமக்கல்லில் எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. என் கணவரின் பங்காளிகள் குடும்பத்தோடு பதினெட்டுப் பேர். முன்னோர் வாழ்ந்த ஊர்களையும் அங்கங்கே இருக்கிற குலதெய்வக் கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவதென்று ஏற்பாடு. ஏற்பாடு ஆண்களுடையது. மூன்று படி அரிசிப் புளிசாதம், தயிர்சாதம், வடகம், குழந்தைகளுக்கு இட்லி, ஃபிளாஸ்கில் வெந்நீர் இவையெல்லாம் எங்களுடையவை. சொல்லவா வேண்டும்!

கொங்குநாட்டு வழக்கம் தெரியாத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. இங்கே வேளாளக் கவுண்டர்களில் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு 'கூட்ட'த்தைச் சேர்ந்தது. ஆந்தை, காடை என்று பறவையின் பெயரிலும் கூட்டம் உண்டு. முழுக்காதன், வண்ணக்கன் என்றும் உண்டு. வண்ணக்கன் என்றால் நாணயத்தை நோட்டம் பார்த்துச் சொல்பவன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நிலவுரிமை இருந்த பழைய ஊர்தான் காணியூர். கண்ணன் கூட்டம் என்றால் சங்ககிரிப் பக்கத்து மோரூரைச் சொல்வார்கள். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் முகம் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கை முறை. பெண் கொடுத்தல், எடுத்தல் கிடையாது. காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1960-களில் தங்கியிருந்து இதையெல்லாம் ஆராய்ந்த பிரெண்டா பெக் என்ற அம்மையார், 1972-ல் கொங்குநாட்டைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டிருக்கிறார். எங்கள் கூட்டத்தின் பெயரை மட்டும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் எனக்குப் பங்காளியாகவோ சம்பந்தியாகவோ ஆகிவிடுவீர்கள்!

திருச்செங்கோட்டை நெருங்கும்போது பொழுது விடிந்தது. மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கும் அர்த்தநாரீசுவரர். ஏறி இறங்க நேரமில்லை என்று கீழிருந்தே கும்பிட்டுவிட்டு வேனை விட்டார்கள். சங்ககிரிக் கோட்டை அடிவாரத்தில் மட்டும் அரைமணி நேரம் நின்றோம். 1805-ல் தீரன் சின்னமலையை வெள்ளையர்கள் தூக்கிலிட்ட இடம் அல்லவா? பையன்கள் மேலே ஏறியே தீருவோம் என்று அடம்.

அங்கே நின்றபோது எனக்கு என் தங்கை மகள் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் இருக்கிறாள். "பெரியம்மா, நம்ம ஊர்க் கூட்டம் மாதிரியே இங்கயும் இருக்குது" என்று ஒருநாள் போனில் ஆரம்பித்தாள். மெக்லியோட், கேம்பல், மெக்டொனால்ட் என்று குலங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட்டை, ஒரு தலைவர், கட்டம் போட்ட கம்பளித் துணியில் தனித்தனி தினுசு. 1746-ல் கல்லோடன் என்ற இடத்தில் அந்த மலைநாட்டுக் குலத்தாரில் ஒரு பகுதியினர் பிரிட்டிஷ் அரசின் படையிடம் தோற்றார்கள். அதற்குப் பிறகு அந்த உடையை ஆண்கள் உடுத்துவதற்கே சட்டம் போட்டுத் தடை செய்தார்களாம். 1782-ல்தான் தடை நீங்கியது. இன்றைக்குக் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அந்தக் குலத்தவர்கள் பேருந்து பேருந்தாக வந்து தங்கள் கோட்டையையும் கல்லறையையும் பார்த்துப் போகிறார்கள். நாங்கள் புளிசாதத்தோடு கிளம்பிய மாதிரிதான்.

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஸ்கை என்ற தீவில் டன்வேகன் கோட்டை. மெக்லியோட் குலத்தலைவருக்கு ஆண்வாரிசு இல்லை. 1935-ல் அவர் இறந்ததும் மகள் ஃப்ளோரா தலைவியானார். அப்போது அந்த அம்மாளுக்கு வயது 57! வீட்டோடு இருக்கவில்லை; அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போய்ச் சிதறிக்கிடந்த குலத்தாரை ஒன்று சேர்த்தார். 98 வயது வரை இருந்து 1976-ல் காலமானார். அவருக்குப் பின் தலைவரானவர் யார் தெரியுமா? மகள் வயிற்றுப் பேரன். தாய்வழிக் குலப்பெயரைத் தன் பெயராக மாற்றிக்கொண்டு தலைவரானார்.

எனக்கு இரண்டும் பெண். அதனால்தான் அது மனத்தில் தங்கிவிட்டது போலும்.

முதல் காணிக்கோயில் வேப்பமரத்தடியில், வேலும் மண்குதிரைகளுமாக இருந்தது. பழைய கல்மேடையைச் சுற்றி இப்போது பளபளவென்று டைல்ஸ். உபயம் செய்தவர்கள் பெயர் கருங்கல்லில், ஆளுயரத்துக்கு. ஆனால் பெண்கள் ஒதுங்குவதற்கு ஒரு மறைப்பு கிடையாது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, எழுதாமல் விடுவது அதைவிடத் தப்பு. போக இடமில்லை என்பதால் வேனில் ஏறியதிலிருந்து நாங்கள் யாரும் தண்ணீரே குடிக்கவில்லை. சித்திரை வெயில்! ஒரு மருமகள் ஏழு மாத கர்ப்பிணி, அவளும் வாயை நனைத்துக்கொண்டதோடு சரி. தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் மணிக்கணக்காக அடக்கினால் நீர்க்கடுப்பு வரும், கிருமித்தொற்று வரும். கர்ப்பிணிக்கு அது சிறுநீரகம் வரை ஏறினால் குறைப்பிரசவம் வரைகூடக் கொண்டுபோய்விடும். இரண்டாவது ஊரில் நான் வெட்கத்தை விட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டம்மா, "வாங்க்கா, உள்ள வாங்க, ஏன் வெளியிலயே நிக்கறீங்க?" என்று கூப்பிட்டு ஆளுக்கொரு டம்ளர் மோரும் கொடுத்தார். அடுத்த முறை கிளம்புவதற்கு முன்பே எங்கெங்கே கழிப்பறை இருக்கிறதென்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் வேனில் ஏறுவேன்.

இரண்டாவது கோயிலில் ஒரு குழந்தைக்கு முடியிறக்கினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுது தீர்த்தது. பக்கத்தில் பூசாரி தலைக்கட்டு வரி நோட்டை விரித்திருந்தார். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. அவர் பேரில் திருவிழா வரி. என் கணவர் பெயர் இருந்தது. என் கொழுந்தனார் பெயரில் குறுக்கே கோடு. அவர் 2019-ல் தவறிவிட்டார். அவர் மனைவி எங்களோடுதான் வந்திருந்தாள், பத்து வயது மகளோடு. நோட்டை எட்டிப் பார்த்தவள் சத்தமில்லாமல் சொன்னாள்: "நம்மள விட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க்கா."

மூத்த மச்சாண்டாரிடம் நான் நேருக்கு நேர் நின்று பேசியதில்லை, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில். அன்றைக்குப் பேசிவிட்டேன்.

"ஏனுங்க மாமா, இவ பேரை எழுதக் கூடாதுங்களா?"

"வரி கட்டற சிரமம் வேண்டாம்னுதான் அம்முணி விட்டது."

"சிரமத்தை அவகிட்டக் கேட்டுட்டு விட்டீங்களா மாமா? இந்தப் புள்ளைக்கும் இதுதானுங்களே குலசாமி?"

"புள்ள நாளைக்குக் கண்ணாலமாயி வேற கூட்டத்துக்குப் போயிருமே?"

"போற வரைக்கும் எழுதுங்க."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் கணவர் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மச்சாண்டார் பூசாரியிடம் பேனாவை வாங்கி, கோடு போட்ட பெயருக்குக் கீழே அவள் பெயரை எழுதினார். அவள் முந்தானையில் முடிந்திருந்த ஐந்நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். பெண்பிள்ளைகள் பெயரைப் பற்றி ஆடியில் கூடும்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். பேசுவார்களா என்பது வேறு விஷயம். அந்தக் கோயிலுக்குள்ளே அண்ணமாருக்குப் பக்கத்திலேயே தங்காளும் நிற்கிறாள். அண்ணன்மார் போரில் மடிந்ததும் தேடிக்கொண்டு படுகளத்துக்குப் போனது அவள்தானே?

மத்தியானம் புளியமரத்து நிழலில் சாப்பிட்டோம். என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பங்காளி வீட்டு மருமகளின் மூன்று வயதுக் குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் ஒரு சிறு கருவி. பிறவியிலேயே காது கேட்காது. ஒன்றரை வயதில்தான் கண்டுபிடித்தார்களாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி வைத்திருக்கிறார்கள், இப்போது "அம்மா" என்கிறான். அவள் கட்டியிருப்பது சொந்த அத்தை மகனை. "கூட்டம் வேறதானுங்களே அத்தை, முறைதானுங்களே? அப்பறம் ஏன் இப்படின்னு டாக்டரைக் கேட்டேன்" என்றாள்.

டாக்டர் சொன்னதை அவள் சொன்னபடியே தருகிறேன். கூட்டம் அப்பன்வழியை மட்டும் எண்ணுகிறது. ரத்தம் இரண்டு வழியையும் எண்ணும். அத்தை, மாமன் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மரபுக்கூறில் எட்டில் ஒரு பங்கு ஒன்றாக இருக்கும். மறைந்து கிடக்கிற ஒரு குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துவிட்டால் குழந்தையிடம் வெளிப்படும். யாருக்குப் பிறந்தாலும் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வரத்தான் செய்கிறது. இப்படிக் கட்டியவர்களுக்கு இன்னும் இரண்டு மூன்று கூடும். எல்லோருக்கும் வரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் சொந்தத்தில் கட்டியவர்கள் பிள்ளை பெறுமுன்பே டாக்டரிடம் இரண்டு பக்கத்து விவரத்தையும் சொல்லிவிட வேண்டும். சொந்தமோ அசலோ, பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று ஒரு மாதத்துக்குள் சோதித்துவிட வேண்டும். சந்தேகமிருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கினால் பேச்சு நன்றாக வரும். "எனக்கு இதை யாரும் சொல்லலீங்க. கூப்பிட்டாத் திரும்ப மாட்டான், சேட்டைக்காரன்னு நெனைச்சுட்டு இருந்துட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீதி இரண்டு கோயில்களை வெயிலில் அவசரமாகப் பார்த்தோம். ஒன்றில் பூட்டிய கதவைத்தான் கும்பிட்டோம். திரும்பும்போது ஜேடர்பாளையத்தில் காவிரியில் குழந்தைகள் கால் நனைத்தார்கள். வேனில் என் சின்ன மகள் கேட்டாள்: "அம்மா, உங்க அம்மா எந்தக் கூட்டம்? அம்மாயி எந்தக் கூட்டம்?"

என் அப்பா கூட்டம் தெரியும். அம்மா பிறந்த கூட்டமும் தெரியும், அப்புச்சி சொல்லியிருக்கிறார். அம்மாயி பிறந்த கூட்டத்துக்கு வீட்டுக்கு வந்து சின்ன மாமாவுக்குப் போன் போட வேண்டியிருந்தது. அவரும் யோசித்துத்தான் சொன்னார். பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் மகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறாள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காது மந்தம், யார் சொந்தத்தில் கட்டினார்கள் என்பதையும் சேர்த்து. அம்மாயியின் அம்மாவுக்கு நேராக மட்டும் இன்னும் காலியிடம். பரமத்தியில் என் பெரியம்மா இருக்கிறார், அவருக்குத் தெரிந்திருக்கும். போனில் பேசினால் அவருக்குக் காது கேட்காது. வெள்ளிக்கிழமை நேரில் போகலாமென்று இருக்கிறோம்.