கட்சியுறுப்பும் கருத்துரையும் கிளர்ச்சிக் குற்றமாமா?

நீலமலையில் தெப்பக்காட்டுக்கு வருவோர் மோயாற்றங்கரையில் சாலைகள் பிரிதலைக் காண்பர். ஒன்று மைசூர்க்கும், ஒன்று மசினகுடிக்கும், ஒன்று கூடலூர்க்கும் செல்வது. கூடலூர்க்கு மேற்கே வயநாடு. அக்காட்டில் யானைக்குத் தமிழகம், கன்னடம், கேரளம் என்னும் எல்லையில்லை. மனிதர் மட்டுமே நின்று பெயரும் ஊரும் சொல்லல் வேண்டும்.

அவ்வயநாட்டில் 2014-இல் ஒருவர் மாவோயியர் என்னும் ஐயத்தின்மேற் காவலராற் பிடித்து வைக்கப்பட்டார். அவர் இல்லமும் சோதிக்கப்பட்டது. 2015 மே திங்களிற் கேரள உயர்நீதிமன்றம், மாவோயியராதல் தன்னளவிற் குற்றமன்று எனத் தீர்த்து, அவர்க்கு 1 இலட்சம் உரூபாய் இழப்பீடு தருமாறு அரசைப் பணித்தது. அக்கொள்கை நம் அரசியலமைப்போடு பொருந்தாதென்பதையும் ஒப்புக்கொண்டே மன்றம் இவ்வாறு கூறியது என்பது கருதத்தக்கது. அங்ஙனமாயின் குற்றம் எவ்விடத்தே தொடங்குகின்றது? இதனை ஈண்டு ஆராய்வாம்.

இடர்ப்பாடு சொல்லிலேயே உளது. 'கிளர்ச்சி' என்பது இக்காலத் தமிழில் மறியலையும் குறிக்கும். படைதிரட்டி எழுதலையும் குறிக்கும். சட்டமோ இவற்றைப் பிரித்து வைத்தது. 1860-ஆம் ஆண்டுத் தண்டச் சட்டத்தின் 121-ஆம் பிரிவு அரசின்மேற் போர் தொடுத்தலைப் பற்றியது. 1870-இற் சேர்ந்த 124-அ பிரிவு, மக்கள் வழக்கில் இராசத்துரோகம் எனப்படுவது; அரசின்பால் வெறுப்பும் பற்றின்மையும் உண்டாக்குதலைப் பற்றியது.

பற்றின்மை என்பதற்குப் பொருள் யாது? 1897-இல் திலகர் வழக்கில் நீதிபதி ஸ்டிராச்சி, பற்று இல்லாமையே அது என்றார். வடமொழி எதிர்மறை முன்னொட்டுக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் கூறுவர் நம் இலக்கணிகள். ஸ்டிராச்சி கொண்டது இன்மைப் பொருள். அரசை நேசியாதவன் எவனும் குற்றவாளியாவான். மறுதலைப் பொருள் கொள்ளின் பகையுணர்ச்சி வேண்டும். அடுத்த ஆண்டுத் திருத்தம் பகையுணர்ச்சியைச் சேர்த்ததேனும், பழைய அகலம் குறையவில்லை.

அதன் விளைவைத் தமிழகம் 1908-இற் கண்டது. வ. உ. சிதம்பரம் பிள்ளைக்குத் தம் சொற்பொழிவுக்காகவும், சுப்பிரமணிய சிவாவின் பேச்சுக்கு உடந்தையாயிருந்ததற்காகவும் வாழ்நாள் நாடுகடத்தல் விதித்தார் நீதிபதி பின்ஹே. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. அவர்மேற் சாட்டப்பட்டது வாளெடுத்த குற்றமன்று, நாவெடுத்த குற்றமே.

1942-இற் கூட்டாட்சி நீதிமன்றம், ஒழுங்கின்மையைத் தூண்டாத பேச்சுக் குற்றமாகாது என்றது. 1947-இற் பிரிவி கவுன்சில் அதனை ஏற்கவில்லை. உச்சநீதிமன்றம் 1962-இற் கேதார்நாத் சிங் வழக்கில் முந்தைய கருத்தையே நிலைநாட்டியது. வன்முறையையோ பொது ஒழுங்கின் குலைவையோ நோக்காத கடுஞ்சொல், அரசைச் சுடினும், துரோகமன்று. 124-அ பிரிவும் 2022 மே 11 ஆணையால் நிறுத்தி வைக்கப்பட்டது.

உறுப்பினராதல் வேறொரு வினா. சென்னை அரசு 1950-இல் மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதமென அறிவித்தது. அதன் செயலாளர் வி. ஜி. ராவ் வழக்காடினார். 1952 மார்ச்சு 31-இல், பதஞ்சலி சாஸ்திரியார் தலைமையிலான உச்சநீதிமன்றம், அதிகாரியின் மனநிறைவொன்றையே கொண்டு சங்கத்தை ஒழிக்க இடந்தந்த அவ்விதியைச் செல்லாதாக்கியது. காரணங்களை நீதிமன்றம் ஆராய வழியில்லை என்பதே குறை. இத்தீர்ப்பை நம் மாணவர் பெரும்பாலும் அறியார், அது வருந்தத்தக்கதே.

பின்னர் 2011-இல் அரூப் பூயான் வழக்கில், தடைசெய்யப்பட்ட அமைப்பின் வெறும் உறுப்பினன் வன்செயல் புரிந்தாலோ தூண்டினாலோ அன்றிக் குற்றவாளியாகான் என்றது அம்மன்றம். 2023 மார்ச்சு 24-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு இதனை மாற்றி, தடையின்பின் உறுப்பினராய்த் தொடர்தலே தண்டனைக்குரியது என்றது. இங்கு ஒன்று தெளிவாதல் வேண்டும். அது 1967-ஆம் ஆண்டுச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் வகுத்த தனிக்குற்றம், போர் தொடுத்தலன்று. இரண்டையும் 'கிளர்ச்சி' எனவே எழுதுதல் உறுப்பினனைப் போர்வீரனாகக் காட்டும் பிழையாம். மேலும் தடையே செய்யப்படாத அமைப்பினர்க்கும், எவ்வமைப்பிலும் சேராது கொள்கையை மட்டும் உடையார்க்கும் அத்தீர்ப்புப் பொருந்தாது. வயநாட்டுத் தீர்ப்பின் மையம், கொள்கையுடைமை ஒன்றே குற்றமாகாது என்பதாதலின், அதற்கும் இதற்கும் முரணில்லை என்பது எம் கருத்து.

2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய நியாயச் சட்டத்தின் 152-ஆம் பிரிவு, ஆயுதக் கிளர்ச்சியைத் தூண்டுதலோடு பிரிவினை உணர்ச்சிகளை ஊக்குதலையும் ஒரே வரிசையில் வைக்கின்றது. ஈண்டும் 'உணர்ச்சி' என்னும் சொல் மீளக் காணப்படுகின்றது. அதனை இன்மையளவில் மன்றங்கள் கொள்ளுமோ, மறுதலையளவிற் கொள்ளுமோ என்பதைப் பொறுத்தே காட்டோரத்தில் நிறுத்தப்படுவான் ஒருவனது விடை அமையும்.